நான்கு சுற்று நீல டேப்

திருவிடந்தைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. இப்போது இல்லை. இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னமும் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன், பார்த்துவிட்டுப் போகலாமே என்று.

நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற இடம். ஒரு நீண்ட பலகை, அதில் ஆணிகள், ஆணிகளுக்கிடையே ஒயரை இழுத்து முனையில் பித்தளைக் கொக்கியை அழுத்தி மாட்ட வேண்டும். என் பங்கு பதினான்கு ஒயர்கள். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. ஷேர் ஆட்டோ, பிறகு திருப்போரூரில் பஸ், பிறகு இன்னொரு பஸ் என்று மூன்று வருடம் அலைந்தேன். அதன் பிறகுதான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். கல்பாக்கத்தில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றது. கியர் வண்டி, நூற்றைம்பது சிசி. ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்து வைத்திருப்பார் போல, நட்டு போல்ட்டில்கூடத் துரு இல்லை. கோளாறு வண்டியோடு வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, கால்வாய்ப் பக்கம் இருக்கிறது. அம்மா சிறுவயதில் நாற்று நட்ட வயல்களெல்லாம் இப்போது மனையாகவும் ரிசார்ட்டாகவும் ஆகிவிட்டன. நட்டவர்களுக்கு அதில் ஒரு பிடி மண்கூட இல்லை. அம்மா மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கும் பகுதியில் இருந்தாள். எங்கள் தெருவில் கியர் வண்டி ஓட்டிய முதல் பெண் நான். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவன் அந்த மெக்கானிக் ஒருவன்தான்.

முதல் தடவை ஹாரன் மாற்றத்தான் போனேன். சுற்றுலா வருகிற கார்க்காரர்களுக்கு என் வண்டியின் ஹாரன் கேட்பதே இல்லை. அவன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். ஸ்கூட்டி வாங்கியிருக்கலாமே என்றான். எந்தத் தெரு என்று கேட்டான். சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. டேங்க்கைக் கழற்றி, ஏதோ அறுத்து, ஏதோ சேர்த்து, ஹாரனை மாட்டிக் கொடுத்தான். நல்ல சத்தம்.

இரண்டு வாரம் கழித்து நெம்மேலியிலிருந்து திருப்போரூர் போகும் சாலையில், இரண்டு பக்கமும் கழிமுகத் தண்ணீர் நிற்கிற இடத்தில், வண்டி செத்தது. எஞ்சின் மட்டும் நின்றால் பெட்ரோல் என்று நினைக்கலாம். விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர், இண்டிகேட்டர் எல்லாமே ஒரே நொடியில் போயின. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு சிவப்புப் பொட்டுகூட எரியவில்லை. ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு தானாகவே உயிர் வந்தது, வீட்டு வாசலில் மறுபடி செத்தது.

அவனுக்குப் போன் செய்தேன். யார் வண்டி நின்றாலும் வீட்டுக்கே போய் எடுத்துவருகிறவன் அவன். எங்கள் தெருவுக்கு மட்டும் வர மாட்டான். தள்ளிக்கொண்டு வா என்றான். தள்ளிக்கொண்டு போனேன். பேட்டரி போய்விட்டது, மாற்றிவிட்டேன் என்றான். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடி நின்றது. பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுகிற பெட்டி போய்விட்டது என்றான். பத்துப் பன்னிரண்டு நாள். மறுபடி. சாவி சுவிட்ச் என்றான். நான்காவது தடவை டேங்க்கைக்கூடக் கழற்றாமல் வெறுமனே ‘செக் பண்ணிட்டேன்’ என்றான்.

நீயே ஒயர் வேலை செய்கிறவள், நீ ஏன் திறந்து பார்க்கவில்லை என்று பின்னால் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதினான்கு ஒயர் மாட்டத் தெரிந்தவளுக்கு ஒரு முழு வண்டியின் ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. எங்களுக்கு அந்த முழுப் படத்தை யாரும் காட்டுவதில்லை. அதோடு, நீ கை வைத்தால் இனிமேல் நான் தொட மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தான். பக்கத்தில் வேறு கடை கோவளத்தில்தான். செத்த வண்டியைக் கோவளம்வரை தள்ள முடியாது.

தொழிற்சாலையில் தாமதக் கணக்கு ஏறியது. என்னைப் பலகையிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். ஆறு வருடம் அந்தப் பலகை முன்னால் நின்றவள் நான்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. அம்மாவுக்குக் கண் பார்க்கச் செங்கல்பட்டு போய்க்கொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். நெம்மேலியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே மாமல்லபுரத்திலிருந்து வருகிற வண்டிகள் விட்ட இடைவெளியில் ஹேண்டில்பாரை வளைத்தேன். சாலையின் நட்டநடுவில் எல்லாம் அணைந்தது. எதிரே ஒரு சுற்றுலா வேன். ஹாரனை அழுத்துகிறேன், சத்தமில்லை. கிளச்சைப் பிடித்துக்கொண்டு காலால் உந்தினேன். வேன்காரர் பிரேக் போட்டது கேட்டது. வேன் எங்களைத் தொடவில்லை. ஆனால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அம்மா பயத்தில் குதித்துவிட்டாள். வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஈரப் போர்வையைப் பிழியும் வேலைக்கு மணிக்கட்டுதான் வேண்டும். மாவுக்கட்டு பிரித்த பிறகும் அது பழையபடி திரும்பவில்லை. ரிசார்ட்டில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

விழுந்த மூன்றாம் நாள் அவன் கடைக்குப் போனேன். நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். என் குரல் நடுங்கியது, அது எனக்கே பிடிக்கவில்லை. அவன் என் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். இடமும் வலமும் ஹேண்டிலை வளைத்தான். எல்லாம் எரிந்தது, எல்லாம் கத்தியது. இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்.

“வண்டில ஒண்ணும் இல்ல. ஓட்றவங்ககிட்டதான் கோளாறு கீது.”

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் மறுத்தும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவனை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தேன். அவன் வண்டியின் டேங்க்கில் உப்பைக் கொட்டலாம். பெயர்ப்பலகையில் கல் எறியலாம். அண்ணன் தம்பி என்று யாரையாவது கூட்டிக்கொண்டு போய் நான்கு அறை விடச் சொல்லலாம். ஒவ்வொன்றையும் நன்றாக ரசித்து யோசித்தேன், சாப்பிடும்போதுகூட. ஆனால் ஒன்றும் திருப்தியாக இல்லை. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அந்த நான்கைந்து பேருக்கும் தெரிய வேண்டும். அதற்கு முதலில் வண்டியில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி சீட்டையும் டேங்க்கையும் கழற்றினேன். அம்மா மாவுக்கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவளிடம் மீட்டர் இரவல் வாங்கியிருந்தேன். பேட்டரியில் வைத்தேன், பன்னிரண்டரை வோல்ட். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்சுக்குப் போகும் சிவப்பு ஒயரின் அந்த முனையில் வைத்தேன், அங்கேயும் பன்னிரண்டரை. ஹேண்டிலை வளைத்தேன், மாறவில்லை. வண்டியில் ஒன்றும் இல்லை என்று அவன் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்துக்காகவும் அவனை வெறுத்தேன்.

மதியம்வரை அதே ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒயரை வெறுமனே சோதிக்க மாட்டார்கள், கரண்ட்டை ஓடவிட்டுத்தான் சோதிப்பார்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பாரம் ஏற்றினால்தான் பொய் தெரியும். ஹெட்லைட் பல்பைக் கழற்றி அந்த முனையில் இணைத்தேன். அம்மாவை இடது கையால் ஹேண்டிலை மெதுவாக வளைக்கச் சொன்னேன். நேராக இருக்கும்போது பல்பு பிரகாசமாக எரிந்தது. வலப்பக்கம் வளைய வளைய மங்கியது. கடைசியில் ஒரு சிவப்பு நூல் மாதிரி ஆகி அணைந்தது. மீட்டர் மூன்றைக் காட்டியது.

“ஆஃப் ஆய்ட்சு,” என்றாள் அம்மா, எனக்குத் தெரியாதது போல.

அதற்குப் பிறகு கஷ்டமில்லை. ஒயரை நடுவில் பிடித்துச் சோதித்தேன், அதுவரை சரி. மீதிப் பாதியின் நடுவில் சோதித்தேன். அரை மணி நேரத்தில், ஹேண்டிலுக்குக் கீழே வண்டியின் கழுத்து வளைகிற இடத்தில், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு நீல டேப் உருண்டை கிடைத்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் கறுப்பு டேப்தான் போடுவார்கள். நீல டேப் அவன் கடையில் கொக்கியில் தொங்கும்.

பிரித்தேன். மேல்சுற்று புதிது, பசை விரலில் ஒட்டியது. அது முடிந்தவுடன் அடியில் இன்னொரு டேப்பின் முனை, கொஞ்சம் காய்ந்தது. அதற்கடியில் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் அடியில் உப்புக்காற்றில் மொறமொறப்பாகிப் போன நான்காவது. உள்ளே வண்டியின் முக்கிய ஒயரை அறுத்து, ஹாரனுக்காக வீட்டுச் சுவரில் ஓடுகிற சாதாரண ஒயரைச் சேர்த்து, ஈயம் வைக்காமல் வெறும் கையால் முறுக்கியிருந்தான். செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. எங்கள் பலகையில் யாராவது இப்படி முறுக்கினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பேட்டரி, பெட்டி, சாவி சுவிட்ச் என்று சொன்ன நாளிலெல்லாம் அவன் செய்தது ஒன்றுதான். டேங்க்கைக் கழற்றி, முறுக்கை அழுத்திவிட்டு, மேலே இன்னொரு சுற்று டேப். சாவி சுவிட்ச் மாற்றப்படவே இல்லை. அதன் இணைப்பில் கல்பாக்கத்துக்காரர் காலத்துத் தூசு கலையாமல் இருந்தது.

நான்கு துண்டு டேப்பையும் அம்மாவின் மடியில் வரிசையாக வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் பண்ணிகீறான்,” என்றாள்.

அந்த ஒயரை வெட்டியெடுத்துவிட்டுச் சரியான தடிமனில் புது ஒயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் குழாயைப் போட்டு மூடினேன். அவனிடம் உடனே போகவில்லை. ஒரு மாதம் ஓட்டினேன். மழையில், கழிமுகக் காற்றில், காப்புக்காட்டுப் பக்கத்துக் குண்டும் குழியுமான சாலையில். ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்குத் துளி சந்தேகம் இருக்கக் கூடாது என்று பார்த்தேன். சந்தேகத்தோடு ஒருவனை முழுதாக அழிக்க முடியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் கடைக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு டீக்கடை. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் மீன் பெட்டி கட்டிய வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். மீன் விற்கிறவர். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது, மூன்று தடவை எதிர்க்கடையில் பார்த்தாயிற்று என்றார். நான் பார்க்கட்டுமா என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை, ஆனால் டீ சொல்லியிருந்தார், குடிக்கிறவரை பார்க்கட்டும் என்று விட்டார். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகி, மேலே நீல டேப்.

இப்படி ஒன்றைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? என்னிடம் மட்டும் செய்யவில்லை என்ற ஆறுதல் அது இல்லை. இவனைப் பிடிக்க இன்னொரு கயிறு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்.

மீன்காரரைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். கடையில் ஆறேழு பேர். அவன் ஒரு எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். என் வண்டியிலிருந்து வெட்டியெடுத்த ஒயரையும் நான்கு டேப்பையும், மீன்காரர் வண்டியின் கம்பியையும் அவன் ஸ்பேனர் தட்டில் வைத்தேன். எது எந்த வண்டியில் எங்கே இருந்தது என்று நின்றவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அம்மாவின் கையைப் பற்றியும் சொன்னேன். மீன்காரர் அவனைக் கேட்டார்.

“இன்னா அண்ணாத்த, இது நீ கட்னதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

அவன் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு பல்பு, ஒரு மீட்டர், ஈயம் பற்றவைக்கிற கோல். அணைந்து அணைந்து எரிகிற வண்டிகளை இலவசமாகப் பார்த்தேன். பார்க்கிறவர்கள் அதைத் தொண்டு என்று நினைத்தார்கள். டீக்கடைக்காரர் எனக்குக் காசே வாங்கவில்லை. நான் அவன் கடைக்கு நேர் எதிரே, அவன் தலையைத் தூக்கினால் என் முகம் தெரிகிற மாதிரிதான் நாற்காலியைப் போடச் சொன்னேன். நீல டேப் கிடைத்தபோதெல்லாம் பிரித்து டீக்கடையின் மூங்கில் கம்பத்தில் ஒட்டினேன். தையில் தொடங்கியது. சித்திரை வருவதற்குள் கம்பத்தின் ஒரு பக்கம் நீலமாகிவிட்டது.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு கார் ஓட்டுநர் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார், கோபக்காரர். அதில் அவன் செய்த வேலை சரியாகத்தான் இருந்தது. ஒயரை எலி கடித்திருந்தது, பல் தடம் தெரிந்தது. ஓட்டுநர் எதிர்க்கடையைக் காட்டி, அவன்தானே என்றார். நான் ஒயரைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அவர் சாலையைக் கடந்து போய் அவன் சட்டையைப் பிடித்தார். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அது தப்பு என்று தெரிகிறது. அந்த நாள் திரும்ப வந்தால் எழுந்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

அடுத்த வாரம் அவனே சாலையைக் கடந்து வந்தான். இந்தச் சில மாதங்களில் இளைத்திருந்தான். டீக்கடையில் எங்களைத் தவிர கடைக்காரர் மட்டும் இருந்தார். அவன் உட்காரவில்லை.

“இன்னா வோணும் உனக்கு? என் பொயப்புல மண்ணப் போட்டுக்கினு கீற.”

தெரிந்தேதானே செய்தாய் என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது மறுப்பு. கைமறதி, வேலை அதிகம், ஆள் இல்லை என்று ஏதாவது சொல்வான், அதற்குப் பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காகத் தயாராக இருந்தேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நீ ஒர்த்தி வந்தா, உங்க தெரு வண்டி அத்தினியும் வரும். அப்பறம் மத்தவங்க வர மாட்டாங்க. வராதன்னு வாயால சொல்ல முடியுமா? ரெண்டு தபா நின்னா நீயே வேற எடம் பாப்பன்னு நெனச்சேன். நீ வந்துக்கினே இருந்த.”

நான் அவனிடம் திரும்பத் திரும்பப் போனது அவனை நம்பியதால். அதுதான் என் குற்றம் என்கிறான். டீக்கடைக்காரர் பாய்லரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“எங்கம்மா கைய ஒரு வாட்டி வந்து பாரு,” என்றேன். “எங்க தெருவுக்கு வந்து பாரு. பாத்துட்டுப் போனீன்னா நாளைக்கே எயுந்துக்கிறேன்.”

அவன் எங்கள் தெருப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். யோசித்தான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சாலையைக் கடந்து போனான். ஒரு நடை வந்து பார்ப்பதைவிடக் கடையை இழப்பது அவனுக்கு எளிதாக இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தயக்கம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்பே கடையை மூடினான். மனைவியின் ஊர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று விசாரித்தேன். மதுராந்தகம் தாண்டி என்றார்கள். அவ்வளவு தூரம் போக முடியுமா என்று ஒரு கணம் நான் கணக்குப் போட்டது உண்மை.

விழுந்த நாளிலிருந்து அம்மா வண்டியில் ஏறியதே இல்லை. ஷேர் ஆட்டோவில் போவாள், இல்லையென்றால் நடப்பாள். கடை மூடியதைச் சொன்ன மறுநாள், நான் வேலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போது, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வா, போய்ப் பாத்துட்டு வரலாம்,” என்றாள்.

இந்தத் தடவை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் இருந்தது. கடை முன்னால் நிறுத்தினேன். இறங்கிப் போய், இறக்கியிருந்த ஷட்டரில் பூட்டு இருக்கிறதா என்று இடது கையால் இழுத்துப் பார்த்தாள். பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளிறியிருந்தது. எண்ணெய் ஊறிக் கறுத்த தரையில் நின்றுகொண்டு மெதுவாக ஒரு வெற்றிலை போட்டாள். அவள் முகத்தில் பாவம் என்கிற எண்ணம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

என்னைப் பலகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எதிரே யாரும் இல்லாதபோது அங்கே உட்கார எனக்கு மனமில்லை, ஒயர் பார்ப்பதும் பிடிக்கவில்லை. ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்துவிடுகிறார்கள். ஊருக்குள் இருப்பவர்களும் வருகிறார்கள், இதற்கு முன் எங்கள் தெருவில் கால் வைக்காதவர்களும். நல்ல மனசுக்காரி, காசு வாங்காமல் பார்ப்பவள் என்று யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். எனக்குத் தூக்கம் வேண்டும், வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. கோவளத்தில் ஒரு கடை இருக்கிறது, நன்றாகப் பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவர்கள் முகம் வாடுவது தெரிகிறது. நான் மாறிவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்களாம்.